கருமுட்டை வெளியேற உதவும் மருந்துகள்: எதை, எப்போது, எப்படி

மாத்திரையைத் தொடங்கும் முன் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனைகளும் கணவரின் விந்துப் பரிசோதனையும் முடிந்திருக்க வேண்டும். அவருடையதைத் தள்ளிப்போட்டு மனைவிக்கு மட்டும் மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பது வீண் வேலை. புரோலாக்டின் அதிகமென்றால் அதைக் குறைக்கும் கேபர்கோலின் மாத்திரை. அளவு இறங்கினாலே பலருக்கு முட்டை தானாக வெளியேறத் தொடங்கிவிடும்.

பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கு இப்போது முதல் தேர்வு லெட்ரோசோல் மாத்திரை. கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, மாதவிலக்கின் 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாள் வரை தினமும் 2.5 மி.கி. என்பது வழக்கம். முட்டை வளரவில்லையா? அடுத்த சுழற்சியில் மருத்துவர் 5 ஆக்குவார், பிறகு 7.5. முட்டையை வளர்க்கும் இன்னொரு மாத்திரையான குளோமிஃபீன் 50 மி.கி.யில் தொடங்கும். அது கருப்பையின் உள்சவ்வை மெலிதாக்கிவிடலாம். பார்வை மங்கினால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

10–12ஆம் நாளில் ஸ்கேன். முட்டை வளரும் சிறு பை (ஃபாலிக்கிள்) 18 மி.மீ. தாண்டியதும் சிலருக்கு முட்டையை வெளியேற்றும் ஹெச்சிஜி ஹார்மோன் ஊசி போடுவார்கள். சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளியேறும். ஊசி போட்ட அன்றும் அடுத்த இரண்டு நாளும் சேர்வது நல்லது. அவசரப்பட்டு வீட்டில் சிறுநீர்ச் சோதனை செய்தால் இரண்டு கோடு பொய்யாக விழலாம்; அந்தப் பட்டை தேடுவதே ஹெச்சிஜியைத்தான். இரண்டு வாரம் பொறுங்கள்.

பிசிஓஎஸ் உள்ள சிலருக்குத் தரப்படும் சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு 500 மி.கி.யில் தொடங்கி மெல்லக் கூட்டினால் வயிற்றுப்போக்கு குறையும்.

மாத்திரைக்கு மசியாதபோதுதான் முட்டையை வளர்க்கும் ஹார்மோனான எஃப்எஸ்ஹெச் ஊசி. ஸ்கேன் கண்காணிப்பு இல்லாமல் இதைத் தொடவே கூடாது: பல முட்டைகள் ஒன்றாக வளர்ந்து இரட்டையோ மூன்றோ தங்கலாம். வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.