வியர்வையை நக்குவதெல்லாம் வியர்வைத் தேனீயா?

பூம்பாறையில் பூண்டுக்குக் களை எடுக்கும்போது, வெயில் ஏறியதும் ஒரு சின்ன கறுப்புப் பூச்சி முழங்கையில் உட்கார்ந்து நக்கும். "கொசுத்தேனீ" என்று தட்டிவிடுவோம். தவறு அங்கேயே தொடங்குகிறது. கொசுத்தேனீயும் வியர்வைக்கு வரும்தான். ஆனால் அது கொட்டாது, பொந்திலும் சுவர் இடுக்கிலும் கூட்டமாக இருந்து தேன் சேர்க்கும். வியர்வைத் தேனீ ஹாலிக்டிடே என்ற வேறு குடும்பம், பெரும்பாலும் மண்ணுக்குள் வாழ்வது.

பின்னங்காலைப் பாருங்கள். கொசுத்தேனீ மகரந்தத்தைக் குழைத்து உருண்டையாகச் சுமக்கும். வியர்வைத் தேனீயின் காலில் அடர்ந்த முடி இருக்கும். பஞ்சில் மஞ்சள்தூள் தூவியதுபோல மகரந்தம் உலர்வாக அப்பியிருக்கும். இது பெண்ணுக்கு மட்டும். ஆண் மெலிந்திருக்கும், உணர்கொம்பு நீளம், மகரந்தம் சுமக்காது. அதைக் குளவி என்று ஒதுக்கிவிடாதீர்கள். இறக்கை இரண்டே இருந்து உணர்கொம்பும் குட்டையாக இருந்தால் அது ஈ.

அடுத்த தவறு, ஒரே ஒரு போன் படத்தை வைத்து இனப்பெயர் சொல்வது. பச்சையாக மின்னும் தேனீக்குச் செயலி "அகபோஸ்டெமான்" என்று காட்டினால் ஏற்காதீர்கள். அந்தப் பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் இல்லை. வயிற்றின் ஒவ்வொரு வளையத்திலும் வெள்ளை முடிப்பட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பின்விளிம்பில் என்றால் ஹாலிக்டஸ் பேரினம், முன்பக்கம் என்றால் லேசியோகுளோசம் பேரினம். பட்டையே இல்லாத லேசியோகுளோசமும் உண்டு. உலகில் அந்த ஒரு பேரினத்தில் மட்டும் 1,700க்கு மேற்பட்ட இனங்கள்! அவற்றைப் பிரிக்க நுண்ணோக்கியில் இறக்கை நரம்பையும் முதுகுக் குழிகளையும் பார்க்க வேண்டும். பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதில் குறைவு ஒன்றுமில்லை. முதுகு, முகம், இறக்கை மூன்றையும் படமெடுத்து, தேதியும் பூவின் பெயரும் குறித்து வையுங்கள்.

எனக்கு மிகவும் வலிப்பது இந்தத் தேனீயின் கூட்டை எறும்புப் புற்று என்று நினைத்து மண்ணெண்ணெய் ஊற்றுவது. வரப்பின் வெற்று மண்ணில் பென்சில் நுழையுமளவு கூட இல்லாத துளை, சுற்றிலும் சலித்ததுபோல மண். கை எட்டும் தூரத்தில் அசையாமல் பத்து நிமிடம் உட்காருங்கள். சில கூடுகளில் துளையை ஒரு தலை அடைத்திருக்கும். மகரந்தத்தோடு இன்னொன்று வந்ததும் அந்தத் தலை உள்ளே இறங்கி வழிவிடும், பிறகு ஏறி மறுபடி அடைத்துக்கொள்ளும். காவல்! எல்லாக் கூட்டிலும் இது இருக்காது, ஏனென்றால் பல இனங்களில் பெண் தனியாகவே தோண்டி வாழும். தேன் கிடைக்கும் என்றும் தோண்டாதீர்கள். உள்ளே ஓர் அறைக்கு ஒரு மகரந்த உருண்டை, அதன்மேல் ஒரு முட்டை. அவ்வளவுதான்.

சில நேரம் வயிறு சிவந்த, முடி குறைந்த ஒன்று துளைகளுக்கு மேலே தாழப் பறந்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். அது ஸ்பெகோடிஸ், பிறர் கூட்டில் முட்டையிடும் திருட்டுத் தேனீ. விரட்டத் தோன்றும், விரட்டாதீர்கள். அதுவும் இதே குடும்பம், அது வந்திருக்கிறது என்றால் அந்த வரப்பில் கூடுகள் இருக்கின்றன.