தக்காளி வாங்கத் தெரியாத அரபி: அம்மானில் ஒரு வருடம் படிக்கப் போகிறவர்களுக்கு

அம்மானுக்குப் போகிறேன் என்றதும் எங்கள் பெரியம்மா, “எந்த அம்மான் வீட்டுக்கு?” என்று கேட்டார். ஜோர்டான் தலைநகர் என்று விளக்க வேண்டியிருந்தது. மேலப்பாளையத்தில் சின்ன வயதிலேயே குர்ஆன் ஓதிய தைரியம் எனக்கு. முதல் நாள் கடையில் தக்காளிக்கு ‘தமாத்திம்’ என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, “பந்தோரா!” என்றார். அந்த ஊர்ப் பேச்சில் தக்காளிக்கு அதுதான் பெயர்.

ஆகவே முதல் வேலை: வகுப்பில் ஃபுஸ்ஹா, அதாவது எழுத்து அரபி, படிக்கும் அதே வாரத்தில் ஆம்மிய்யாவையும், அதாவது பேச்சு அரபியையும் தொடங்குங்கள். ‘இலக்கணம் முடியட்டும், அப்புறம் பேசலாம்’ என்று தள்ளிப்போட்டால், டாக்சியில் ஏறி “ஐயன்மீர், கட்டணம் யாது?” என்று கேட்பவர் ஆகிவிடுவீர்கள். எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்பது நமக்குப் பழக்கம்தானே.

விலை கேட்க ‘அத்தேஷ்’. ஆண்கள் பலர் ‘கத்தேஷ்’ என்பார்கள். அரபியின் காஃப் (ق) எழுத்தை நகரத்துப் பெண்கள் தொண்டையில் விழுங்கிவிடுவார்கள், ஆண்கள் பலரிடம் அது ‘g’ ஒலி ஆகிவிடும். பெண்கள் பெண்களைக் கேட்டும், ஆண்கள் ஆண்களைக் கேட்டும் பழகுவது நல்லது. தினார் என்று சொல்வதைவிட ‘லீரா’ என்பதே அதிகம் கேட்கும். ஐந்து கிர்ஷ் ‘ஷிலின்’, பத்து ‘பரீஸா’; நூறு கிர்ஷ் ஒரு தினார். மீதிச் சில்லறைக்கு என்ன சொல் தெரியுமா? நம்ம பாக்கியேதான், நடுவில் காஃப் விழுங்கப்பட்டு ‘பாஇ’ என்று கேட்கும்.

அடுத்து, தமிழ் எழுத்தில் குறிப்பு எடுக்காதீர்கள். இதயத்துக்கும் நாய்க்கும் என் நோட்டில் ஒரே ‘கல்ப்’. வீட்டுக்கார அம்மாவின் நல்ல மனதைப் பாராட்டப் போய், இல்லாத நாயைப் பாராட்டிவிட்டு வந்தேன். ஓதிப் பழகியவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நாம் ஃபர்ளு, உளூ, ரமளான் என்று ‘ள’ போடும் இடத்தில் அங்கே கனத்த ‘ட’ மாதிரி ஓர் ஒலி வரும். எனக்கு அது மாற மூன்று மாதம் ஆனது.

வயதானவர்களைப் பெயர் சொல்லி அழைக்காதீர்கள். ஆண்களை ‘அம்மோ’, பெண்களை ‘கால்த்தோ’ என்றால் போதும். முதலாவது அப்பாவின் சகோதரர், இரண்டாவது அம்மாவின் சகோதரி. சித்தப்பா வேறு, மாமா வேறு என்று வளர்ந்த நமக்கு இது உடனே ஒட்டிக்கொள்ளும்.

வீடு? லுவைப்தே குன்று அழகுதான், ஆனால் வெளிநாட்டு மாணவர்கள் நிறைய. ஆங்கிலத்திலேயே பொழுது போய்விடும். ஜோர்டான் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஜுபைஹா பக்கம் பாருங்கள். கையெழுத்துப் போடும் முன் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை ஏறிப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு முறைதான், அந்தத் தொட்டிதான் மிச்ச நாளுக்கு. அது எந்தக் கிழமை என்று கேட்டு, துணி துவைப்பதை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் பியானோ மெட்டு கேட்டால் ஐஸ்கிரீம் என்று ஓடாதீர்கள், அது காஸ் சிலிண்டர் வண்டி.

பாலைவன நாடு என்று கம்பளி இல்லாமல் போனது என் தவறு. அம்மான் மலை மேல் இருக்கிறது, சில வருடங்களில் பனிகூடக் கொட்டும். கல் வீட்டுக்குள் வெளியைவிடக் குளிரும். ‘சோபா’ என்கிற, அறையைச் சூடாக்கும் காஸ் அடுப்பை டிசம்பருக்கு முன்பே வாங்கிவிடுங்கள். எரியும்போது ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும், தூங்கும் முன் கட்டாயம் அணைத்துவிடுங்கள்.