கல் வெட்டின மலையில் நடக்க வருகிறவர்களுக்கு

மேலூருக்குக் கிழக்கே மலை ஏற வருகிறவர்கள் முதலில் பழக வேண்டியது ஒன்றுதான்: மெஷின் படாத பாறை எது, வெட்டின பாறை எது என்று தூரத்திலேயே பிரித்துப் பார்க்க வேண்டும். காலணி, தண்ணீர், தொப்பி எல்லாம் அதற்குப் பிறகு. நான் இந்தப் பக்கத்துக் குவாரிகளில் ஜாக்ஹாமர், அதாவது பாறையில் துளை போடும் மெஷின், பிடித்தவன். இப்போது பேரப்பிள்ளைகளையும் கேட்டு வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கீழவளவு பஞ்சபாண்டவர் மலைக்குக் கூட்டிப் போகிறேன். அந்த நடைக்கான வழிமுறைதான் இது.

மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் மேலூர் பஸ் ஏறுங்கள். மேலூரில் இறங்கி, திருப்பத்தூர் சாலையில் போகிற பஸ் பிடித்தால் கீழவளவு. வெள்ளன கிளம்ப வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பாறை காய்ந்து, உட்காரக்கூட இடம் இருக்காது. மார்ச்சிலிருந்து ஜூன் வரை பத்து மணிக்கு மேல் மலையில் நிற்காதீர்கள். மழை பெய்த மறுநாளும் வேண்டாம். கறுப்பாகப் படிந்திருக்கும் பாசி காய்ந்தால் சொரசொரப்பாகக் காலைப் பிடிக்கும், நனைந்தால் வழுக்கித் தள்ளிவிடும். ஐப்பசி மழை ஓய்ந்து மார்கழி, தை மாதங்களில் வாருங்கள். கண்மாயிலும் தண்ணீர் கிடக்கும்.

இனி பாறைக்கு வருவோம். மெஷின் படாத பாறையில் முனை இருக்காது. வெயிலும் மழையும் தேய்த்து உருட்டியிருக்கும், கறுப்பும் பழுப்புமாகக் கறை ஓடியிருக்கும். வெட்டின பாறை வெள்ளையாக, சுவர் மாதிரி நிற்கும். பக்கத்தில் போகாமலே பார்க்கலாம்: அந்தச் சுவரில் மேலிருந்து கீழாகப் பாதிக் குழாய் வடிவத்தில் வரிசையாகக் கோடு தெரியும். நாங்கள் போட்ட துளைகளின் மிச்சம் அது. ஒரே நேர்கோட்டில் துளை போட்டு, ஆப்பு இறக்கியோ வெடிமருந்து வைத்தோ பிளந்தால் கல் அந்தக் கோட்டில் விட்டுக்கொடுக்கும். ஒரு பாதி லாரியில் போனது, மறுபாதி மலையில் நிற்கிறது. காஷ்மீர் ஒயிட் என்று வெளிநாட்டுக்குப் போன வெள்ளைக் கல்லில் எங்கள் பக்கத்துக் கல் நிறைய உண்டு.

அந்தக் கோடு தெரிந்தால் அதன் விளிம்புக்குப் போகாதீர்கள். மருந்து வைத்த அதிர்ச்சி, எடுத்த கல்லோடு நிற்காது. பின்னால் நிற்கிற பாறைக்குள்ளும் மயிரிழை விரிசல் ஓடும். மேலே பார்த்தால் திடமாக இருக்கும். மழைத்தண்ணீர் இறங்கி, வேர் புகுந்து, என்றைக்கு விடும் என்று சொல்ல முடியாது. நாங்கள் கம்பியால் தட்டிப் பார்ப்போம். கணீரென்றால் கல் ஒன்றாக இருக்கிறது, பொத்தென்றால் உள்ளே விரிசல் விட்டிருக்கிறது. உங்கள் கையில் ஒரு கம்பு இருந்தால் சந்தேகமான இடத்தில் தட்டுங்கள். பொத்தென்றால் சுற்றிப் போங்கள்.

கழிவுக்கல் மேடு அதைவிட ஆபத்து. விற்பனைக்கு ஆகாத கல்லை அடுக்கி வைக்கவில்லை, கொட்டினோம். ஆனை அளவுக் கல் ஒன்று சின்னச் சில்லு ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கும். பிள்ளைகளுக்கு அது ஏறி விளையாடச் சொல்லும். விடாதீர்கள். அந்த இடுக்குகளில்தான் சுருட்டை விரியனும் கிடக்கும்.

குழித்தண்ணீர். பச்சையாக, அடி தெரிகிற மாதிரி இருக்கும், இறங்கத் தோன்றும். கண்மாய்க்குக் கரை சரிவாக இறங்கும், கால் மெதுவாக ஆழத்துக்குப் போகும். குவாரிக் குழிக்குக் கரையே கிடையாது. படிபடியாக வெட்டியிருப்பதால் முதல் படி இடுப்பளவு, அடுத்த அடியில் பல ஆள் ஆழம். வெளியே ஏறப் பிடிமானமும் இல்லை, சுவர் வழுவழுப்பு. நீச்சல் தெரிந்தவர்களும் உயிரை விட்டிருக்கிறார்கள். முகம் கழுவக்கூட இறங்க வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டு வாருங்கள்.

ஏன் மூடவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்கும்போது, முன்பக்கம் தோண்டிய மேல்மண்ணைப் பின்பக்கக் குழியில் கொட்டிக்கொண்டே நகர்கிறார்கள். நிரம்பிய இடத்தில் மரம் வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் மேல்மண் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மலையே சரக்கு. சரக்கு போனபின் குழியில் போட எதுவும் மிஞ்சாது. 2012-இல் அன்றைய மதுரை ஆட்சியர் உ. சகாயம், முறைகேடான குவாரிகளால் அரசுக்கு 16,338 கோடி ரூபாய் இழப்பு என்று அறிக்கை அனுப்பினார். குவாரிகள் நின்றன, குழிகள் நிற்கின்றன. வேலி போட்ட குவாரிக்குள் நுழையாதீர்கள். ஆடு மேய்க்கிறவர் யாராவது, “அங்கிட்டுப் போகாதீக, குழி கெடக்கு” என்றால் மறுபேச்சுப் பேசாமல் திரும்புங்கள்.

பஞ்சபாண்டவர் மலையே பாதி போன மலைதான். ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும் மறித்து நின்றதால் மிச்சம் இருக்கிறது. சாலையை விட்டு இறங்கினால் பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். கொட்டின கல் இல்லை அது, தானாக நின்ற கல். அதன் அடியில் குகைத்தளம், சமணத் துறவிகளுக்கு வெட்டிய கற்படுக்கைகள். குகையின் நெற்றியைப் பாருங்கள், மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். என் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வேலையை நின்று பார்க்க வேண்டும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் வெறும் உளியால், பாறை பதறாமல், தேவையான அளவு மட்டும் எடுத்திருக்கிறான் ஒருவன்.

அங்கேயே தமிழி எழுத்தில், அதாவது தமிழின் பழைய எழுத்தில், ஒரு கல்வெட்டு: “உபசஅன் தொண்டிலவோன் கொடுபளிஇ”. தொண்டியைச் சேர்ந்த உபாசகன் (துறவு பூணாத அடியவன்) ஒருவன் கொடுத்த பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம். தொண்டி கடற்கரை ஊர். எழுத்துகள் சில தலைகீழாகவும் இடவலம் மாறியும் இருக்கும், பிள்ளைகள் கண்டுபிடித்துக் குதிப்பார்கள். படிக்க நேரம் கொடுங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது வெட்டு நன்றாகத் தெரியும். சுண்ணாம்பு தடவாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பாறையில் புடைத்து நிற்கும் தீர்த்தங்கரர் (சமணர் வணங்கும் பெரியோர்) சிற்பங்கள் பிந்தியவை, 9, 10-ஆம் நூற்றாண்டு. பெயர் கிறுக்குவது குற்றம். கற்படுக்கை மேல் ஏறி உட்காருவதையும் நான் அனுமதிப்பதில்லை.

பாறை முகட்டில் மலைத்தேன் கூடு தொங்குகிறதா என்று ஏறுமுன் பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம், புகை கூடாது, வாசனைத் திரவியம் கூடாது, கூச்சல் கூடாது.

முழங்கால் தாங்குகிறவர்களுக்கு இன்னொரு நாள் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். ஏழு மலை, லகுலீசர் (சிவனின் ஒரு வடிவம்) சிற்பம் உள்ள குடைவரைக் கோயில், பாறை இடுக்குகளில் வல்லூறு. அங்கும் டங்ஸ்டன் சுரங்கம் வருவதாக இருந்தது, மக்கள் திரண்டதால் 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. கீழவளவை முதலில் நடந்துவிட்டு அங்கே போங்கள். வெட்டுப்படாத மலை எப்படி இருக்கும் என்று கால் தானே வித்தியாசம் சொல்லும். அரிட்டாபட்டிக்கு மேலூரிலிருந்து பஸ் குறைவு. திரும்பும் நேரத்தை டிரைவரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள், நாலைந்து பேர் என்றால் ஷேர் ஆட்டோ பேசிவிடுவது நல்லது.