நாள்பட்ட சைனஸ்: ஆய்வுச் செய்திகளைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுக்கணக்கில் மூக்கடைப்போடும் முகப்பாரத்தோடும் அவதிப்படுகிறவர்களுக்கு, ‘சைனஸுக்குப் புதிய தீர்வு’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொரு செய்தியும் நம்பிக்கை தருகிறது. நம்பிக்கை வைப்பதில் பிழையில்லை. ஆனால் அந்த ஆய்வு யாரை வைத்து, எதை அளந்து செய்யப்பட்டது என்று பாராமல் தமக்குப் பொருத்திக்கொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால், தமக்கு இருப்பது சைனஸ்தானா என்பதையே பலர் உறுதிசெய்துகொள்வதில்லை. மூக்கடைப்பு, சளி வடிதல், முகவலி, வாசனை குறைதல் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று அடைப்பாகவோ சளியாகவோ இருக்க வேண்டும். அவை 12 வாரங்களாவது நீடித்திருப்பதோடு, மூக்கினுள் மெல்லிய கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபியிலோ சிடி ஸ்கேனிலோ அழற்சியின் அடையாளமும் தெரிந்தால்தான், 2020ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல் அதை நாள்பட்ட சைனஸ் அழற்சி என்று ஏற்கிறது. தலைவலியை மட்டும் வைத்துத் தாமே முடிவு செய்வது எவ்வளவு தவறாகப் போகலாம் என்பதை 2004இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது: தமக்குச் சைனஸ் தலைவலி என்று கருதிய 2,991 பேரில் 88 விழுக்காட்டினரின் தலைவலி, ஒற்றைத் தலைவலி வகையைச் சேர்ந்ததாக இருந்தது. இத்தகையவர்கள் சைனஸ் ஆய்வுகளை எத்தனை படித்தாலும் அவை அவர்களுக்கு உதவப்போவதில்லை. ஸ்கேன் அறிக்கையில் ‘சவ்வு தடித்துள்ளது’ என்ற வரியை மட்டும் பார்த்துக் கலங்குவதும் இதே போன்ற தவறுதான், ஏனெனில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களின் ஸ்கேனிலும் அது அடிக்கடி தென்படுகிறது.

ஒரு கிருமி கண்டுபிடிக்கப்பட்டது என்ற செய்தியை, அதுவே நோய்க்குக் காரணம் என்று படிப்பது இன்னும் பெரிய தவறு. இத்துறை இந்தப் பாடத்தைக் கடினமான வழியில்தான் கற்றது. 1999இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள், நாள்பட்ட சைனஸ் உள்ள 210 பேரில் 202 பேரின் மூக்குச் சளியில் பூஞ்சை இருப்பதாக அறிவித்தபோது, நோயின் வேர் பிடிபட்டுவிட்டது என்ற எண்ணம் பரவியது. ஆனால் அதே ஆய்வில் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்ட 14 ஆரோக்கியமானவர்கள் அனைவரிடமும் பூஞ்சை இருந்தது. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே பூஞ்சை இருக்கும்போது அது மூக்கில் அகப்படுவதில் வியப்பில்லை. பின்னர் 116 நோயாளிகளைக் கொண்டு ஐரோப்பாவில் நடந்து, 2006இல் வெளியான ஆய்வில், பூஞ்சைக்கொல்லி மருந்தால் மூக்கைக் கழுவியவர்களுக்கு, மருந்தில்லாத நீரால் கழுவியவர்களைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. ஆகவே எந்தச் செய்தியைப் படித்தாலும், ‘நோயில்லாதவர்களிடமும் இது இருந்ததா? இதை நீக்கியபோது நோய் குறைந்ததா?’ என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

நம் வீடுகளில் சைனஸ் என்றதும் ஆவி பிடிப்பார்கள். 2016இல் பிரிட்டனில் 871 பேரிடம் நடந்த ஆய்வு, ஆவி பிடித்தலையும் உப்புநீரால் மூக்கைக் கழுவுவதையும் ஒப்பிட்டது. ஆவியால் தலைவலி ஓரளவு குறைந்ததே தவிர மற்றத் தொல்லைகளில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. உப்புநீர் கழுவலால் மிதமான பலன் தெரிந்தது. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து பிள்ளைகள் சுட்டுக்கொள்ளும் அபாயத்தையும் சேர்த்துப் பார்த்தால், தினப் பழக்கமாக்க ஏற்றது கழுவல்தான் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அதற்குக் குழாய்நீரை அப்படியே எடுக்காதீர்கள். சிங்கப்பூர்க் குழாய்நீர் குடிக்கப் பாதுகாப்பானது என்றாலும், வயிற்று அமிலம் கொல்லும் நுண்ணுயிர்களைத் தடுக்க மூக்கில் அப்படி எதுவும் கிடையாது. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்நீரால் மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தனர். இது மிக அரிதானதுதான், ஆனாலும் நீரைக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாகும்வரை ஆறவிட்டு, மருந்துக்கடையில் விற்கும் உப்புப் பொட்டலத்தைக் கலந்தால் அந்த ஆபத்துக்கே இடமில்லை.

மேலைநாட்டுக் கட்டுரைகளில் வரும் ‘மகரந்தப் பருவம்’ என்ற பேச்சை இங்கே பொருத்திப் பார்ப்பதும் வீண். நம் ஈரப்பதத்தில் ஆண்டு முழுவதும் செழிப்பது தூசிப்பூச்சி. சிங்கப்பூரில் மூக்கு ஒவ்வாமைக்கு அதுவே முதன்மைக் காரணம். சில மாதங்கள் மட்டும் மருந்து எடுத்துக்கொள்ளும் முறையைவிட, படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைப்பது நமக்குப் பொருத்தமானது.

மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தை மூன்று நாள் அடித்துவிட்டு ‘கேட்கவில்லை’ என்று நிறுத்துபவர்கள், ஆய்வுகளில் அது வாரக்கணக்கில் தினமும் பயன்படுத்திய பிறகே மதிப்பிடப்பட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். அடிக்கும் விதமும் முக்கியம். தலையைச் சற்றுக் குனிந்து, வலக்கையால் இடது துவாரத்திலும் இடக்கையால் வலது துவாரத்திலும், குழாயின் நுனி கண்ணின் வெளியோரத்தை நோக்கும்படி அடித்தால், நடுச்சுவரில் மருந்து பட்டு ரத்தம் கசிவது குறையும். அடைப்பைச் சில நிமிடங்களில் திறக்கும் ஆக்ஸிமெட்டாசொலின் வகை மருந்து வேறு. அதை ஒரு வாரத்துக்கு மேல் நீட்டித்தால் மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கும்.

பச்சைச் சளி கண்டதும் ஆன்டிபயாடிக் கேட்பதும் வேண்டாம். சளியின் நிறம் நம் வெள்ளணுக்களின் நொதியால் வருவது. அதை மட்டும் வைத்துப் பாக்டீரியா என்று சொல்ல இயலாது.

கடைசியாக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து அடைத்திருத்தல், சளியில் ரத்தம், ஒரு காது மட்டும் அடைத்தல், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் எதுவும் இருந்தால், சைனஸ் பற்றிப் படித்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். மூக்குக்குப் பின்புறத் தொண்டையில் வரும் புற்றுநோய் இப்படித்தான் தலைகாட்டும். அது இங்கே சீன ஆண்களிடம் அதிகம் என்பதால் நமக்கு வராது என்று எண்ணிவிட முடியாது. பலதுறை மருந்தகத்துக்கோ வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமோ சென்று, காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்பிவைக்குமாறு அந்த வாரத்திலேயே கேளுங்கள்.