40 யார்டு நேரத்திலிருந்து ஆட்ட வேகத்தைக் கணக்கிடுவது எப்படி?

என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) புது வீரர்களைச் சோதிக்கும் முகாமான கம்பைனில், 40 யார்டை 4.40 விநாடியில் ஓடியவரின் வேகம் என்ன? 40ஐ 4.40ஆல் வகுத்து, விநாடிக்கு யார்டு என்பதை மணிக்குக் கிலோமீட்டராக்க 3.29ஆல் பெருக்கினால் மணிக்கு 29.9 கிலோமீட்டர். ஆனால் அது வெறும் சராசரி. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் நேரமும் அதில் அடக்கம்.

படி 1: 10, 20, 40 யார்டு ஸ்பிளிட் நேரங்களை (கிளம்பியதிலிருந்து அந்தந்தக் கோட்டைத் தொட ஆன நேரம்) எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு 1.53, 2.55, 4.40.

படி 2: கடைசி 20 யார்டை மட்டும் பாருங்கள். 4.40 கழித்தல் 2.55, அதாவது 1.85 விநாடி. 20ஐ 1.85ஆல் வகுத்து 3.29ஆல் பெருக்கினால் 35.6 கி.மீ. உச்ச வேகத்தை ஒட்டி வரும் எண் இதுதான்.

கணக்கு உதைப்பது பெரும்பாலும் இங்கேதான். கம்பைனில் வீரரின் முதல் அசைவைப் பார்த்து ஒருவர் கையால் கடிகாரத்தைத் தொடங்குவார். முடிவை மின்னணுக் கருவி பதியும். பொத்தானை அழுத்தும் தாமதம் 40 யார்டு நேரத்தில் ஒளிந்திருக்கும். இரண்டு நேரமும் ஒரே கடிகாரத்தில் எடுத்தவை என்றால், கழிக்கும்போது அந்தத் தாமதம் அடிபட்டுப் போகும். 20ஐ ஒரு ஸ்டாப்வாட்ச்சிலும் 40ஐ இன்னொன்றிலும் எடுத்தால் போகாது. 0.1 விநாடி பிசகினால் 1.85 என்பது 1.75 ஆகி, வேகம் 37.6 என்று காட்டும்.

நீங்களே அளப்பதானால் ஸ்டாப்வாட்ச்சை மூட்டை கட்டிவிட்டு, ஃபோனில் விநாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் எடுங்கள். ஒரு ஃபிரேம் 0.004 விநாடிதான். 30 யார்டுக்கு நேரே நன்றாகத் தள்ளி நின்று, ஒரே வீடியோவாக எடுக்க வேண்டும். 20, 40 குச்சிகளை ஓடுபாதையை ஒட்டியே நடுங்கள். தள்ளி நட்டால் கோணம் ஏமாற்றும்.

(உசேன் போல்ட்டின் ஸ்பிளிட்டோடு ஒப்பிடும் ஆசை வரும். 2009 பெர்லின் 100 மீட்டர் ஓட்டத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட 0.146 விநாடியும் அவர் நேரத்தில் உண்டு. கம்பைனில் அந்தச் செலவே கிடையாது.)

படி 3: ஆட்டத்தில் பதிவான வேகத்தோடு வைத்துப் பாருங்கள். தோள் கவசத்தில் உள்ள சிப் விநாடிக்கு 10 முறை வீரரின் இடத்தைச் சொல்லும். கம்பைனில் 4.33 ஓடிய டிகே மெட்காஃப், 2020 அக்டோபரில் பந்தோடு ஓடிய எதிரணி வீரர் புடா பேக்கரைத் துரத்தியபோது 36.4 கி.மீ. தொட்டார். அதற்கு அவருக்கு 100 யார்டுக்கு மேல் திறந்த வெளி கிடைத்தது. 8 யார்டு ரூட்டில் (பந்தைப் பிடிக்க ஓடும் வகுத்த பாதை) யாருக்கும் அது வாய்க்காது. ஆகவே, பதிவான உச்ச வேகம் குறைவு என்பதால் ஒருவரை மந்தம் என்று சொல்லிவிடாதீர்கள். குறுகிய ரூட்டுக்கு 10 யார்டு ஸ்பிளிட்டே நல்ல அளவுகோல்.

திசை மாற்றித் திரும்பும் வேகம் தனிக் கணக்கு. மூன்று கோன்களைச் சுற்றி ஓடும் சோதனையில் மெட்காஃப் 7.38 விநாடி, வேகத்துக்குப் பேர்போகாத குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) டாம் பிரேடியோ 7.20!

பிற்சேர்க்கை: மீட்டர் டிராக்கில் அளப்பவர்களுக்கு. 40 யார்டு என்பது 36.58 மீட்டர். 40 மீட்டர் ஓடவிட்டால் கூடுதலாக 3.42 மீட்டர், மேலே சொன்ன வேகத்தில் 0.35 விநாடி ஏறிவிடும். டேப் வைத்து அளந்து கோடு போடுங்கள். காலடி வைத்து அளக்க வேண்டாம்.