எக்ஸ்பி-77: பால்சா மரத்தில் ஒரு குட்டி கிளைடர்

போரில் அலுமினியம் போதாமல் போகலாம் என்று அமெரிக்க விமானப்படை அஞ்சிய காலம். 1942-இல் ஸிட்கா ஸ்ப்ரூஸ் மரத்தில் ஒரு சிறிய சண்டை விமானத்துக்கு பெல் நிறுவனத்திடம் ஆர்டர் போனது. அதுதான் எக்ஸ்பி-77. கேட்டது 6, கட்டி முடித்தது 2. ஒல்லியான உடலும் குமிழ்க் கண்ணாடியும் கொண்ட அழகான விமானம். கையால் எறிந்து பறக்கவிட அதன் வடிவில் ஒரு கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாத குட்டி விமானம், செய்வோம்.

தேவையானவை: 3 மி.மீ., 1.5 மி.மீ. பால்சா (மிக லேசான மரம்) தகடுகள், கூரான பிளேடு, உப்புத்தாள், மரப்பசை, களிமண்.

1. அளவு. அசல் இறக்கையின் நீளம் சுமார் 8.4 மீட்டர், உடல் 7 மீட்டர். முப்பதில் ஒரு பங்காக்கினால் இறக்கை 28 செ.மீ., உடல் 23 செ.மீ. இறக்கையின் அகலம் நடுவில் 5, நுனியில் 2.5 செ.மீ. கிடைவால் 10 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலம். கிடைவாலை மட்டும் அசலின் விகிதத்தைவிடச் சற்றுப் பெரிதாக வைத்தால்தான் ஆடாமல் பறக்கும்.

2. வெட்டுதல். உடலைப் பக்கவாட்டுத் தோற்றத்தில் அட்டையில் வரைந்து 3 மி.மீ. தகட்டில் வெட்டுங்கள். இறக்கைக்கும் வாலுக்கும் 1.5 மி.மீ. போதும். மரத்தின் ரேகை இறக்கையின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முதல் எறிதலிலேயே முறியும்.

3. தேய்த்தல். இங்கே அவசரம் வேண்டாம். அசல் விமானத்தைக் கெடுத்ததே எடைதான். திட்டமிட்டதைவிடக் கனம் கூடியது. எதிர்பார்த்த சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) பொருத்திய எஞ்சினும் வரவில்லை. 520 குதிரைத்திறன் ரேஞ்சர் எஞ்சினோடு 1944 ஏப்ரல் 1 அன்று முதன்முறை பறந்தது. அதிர்வும் இரைச்சலும் விமானிகளுக்குப் பிடிக்கவில்லை. அந்த டிசம்பரிலேயே திட்டம் கைவிடப்பட்டது. ஆகவே வாலை நன்றாகத் தேய்த்து மெலிதாக்குங்கள்: பின்னால் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் அதைவிட அதிகம் களிமண் அப்ப வேண்டிவரும்.

4. ஒட்டுதல். இறக்கையை நடுவில் இரண்டாக வெட்டி, வெட்டுமுகங்களைச் சற்றுச் சாய்வாகத் தேயுங்கள். ஒரு பாதியை மேசையில் படுக்கவைத்து, மற்றதன் நுனியை 4 செ.மீ. தூக்கி முட்டுக்கொடுத்து ஒட்டுங்கள். இரவு முழுக்கக் காயட்டும். பிறகு மூக்கிலிருந்து 6 செ.மீ. தள்ளி, உடலின் அடியில் பொருத்துங்கள். வாலை ஒட்டும்போது முன்னாலிருந்து பார்த்து நேராக்குங்கள்.

5. சமநிலை. இறக்கையின் நடுப்பகுதியில், முன்விளிம்பிலிருந்து 1.5 செ.மீ. பின்னால், உடலுக்கு இருபுறமும் விரல்நுனியால் தாங்குங்கள். கிளைடர் மட்டமாக நிற்கும்வரை மூக்கில் களிமண் சேருங்கள்.

6. எறிதல். காற்றில்லாத நேரம், புல்தரை. தோளுயரத்திலிருந்து மூக்கை இம்மி தாழ்த்தி மெதுவாகத் தள்ளிவிடுங்கள். மேலே ஏறித் திடீரென விழுந்தால் களிமண்ணைக் கொஞ்சம் கூட்டுங்கள். நேரே தரையைக் குத்தினால் குறையுங்கள். இடப்பக்கம் திரும்பினால் செங்குத்து வாலின் பின்விளிம்பில் வாயால் ஊதி ஈரமாக்கி, வலப்பக்கமாக மயிரிழை வளையுங்கள்.