முக்கியப் பிரமுகர் வருகை நாளில் சுபாங்கிலிருந்து பறப்பதற்கு முன்

வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் கோலாலம்பூருக்கு வரும் நாளில் அருகிலுள்ள சுபாங் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் கிளம்புபவர், பறக்கத் தடை போன்றவற்றை விமானிகளுக்குத் தெரிவிக்கும் நோட்டாம் (NOTAM) அறிவிப்பை முந்தைய இரவே படித்துவிட வேண்டும். புறப்படுமுன் மீண்டும் பார்க்க வேண்டும், ஏனெனில் பயண நேரம் மாறினால் பழைய அறிவிப்புக்குப் பதிலாகப் புதியது வந்திருக்கலாம்.

பலரும் தடுமாறும் இடம் நேரக் கணக்குதான். அறிவிப்பின் 'பி', 'சி' பிரிவுகளில் உள்ள தொடக்க, முடிவு நேரங்கள் உலகப் பொது நேரத்தில் இருப்பதால் எட்டு மணியைக் கூட்டுங்கள்: 5ஆம் தேதி 2200 என்றிருந்தால், நமக்கு அது 6ஆம் தேதி காலை 6 மணி. உயர வரம்புகள் 'எஃப்', 'ஜி' பிரிவுகளில் இருக்கும். பறக்கத் தடையுள்ள வட்டப் பகுதியை வரைபடத்தில் கையாலேயே வரைந்து பாருங்கள். அதன் ஓரத்தை உரசிச் செல்லும் பாதையை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். ஐயமிருந்தால், கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கேட்ட பிறகே இயந்திரத்தை இயக்குங்கள்.